வெட்பாலை எண்ணெயும் ஒன்பது நாள் கணக்கும்

1

நாங்கள் கனடாவின் எட்மன்டன் நகரத்துக்கு வந்து, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையோடு பதினோரு ஆண்டு முடிந்தது. வீட்டில் அது என் ஒருவனுக்குத்தான் ஞாபகம் இருந்தது. என் மனைவி வசந்தாவிடம் சொன்னேன். "அதுக்கு இன்னா, பாயசம் வைக்கணுமா?" என்று கேட்டாள். சேமியா இருந்தது, பாலும் இருந்தது. ஆனாலும் வைக்கவில்லை.

அன்றைய தபாலில் நான்கு உறைகள் வந்தன. மூன்று விளம்பரம். நான்காவது எனக்கு வந்த அரசாங்கக் கடிதம். கள்ளக்குறிச்சியிலிருந்து என் தம்பி அனுப்பிய பொட்டலத்தை விமான நிலையத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பொட்டலத்துக்குள் கால் லிட்டர் பாட்டில்கள் இரண்டு. இரண்டிலும் வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்து எடுத்த எண்ணெய். அதன் நிறம் நாவற்பழம் மாதிரி ஊதாவாக இருக்கும். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. நான்கு பக்கம், பத்தொன்பது கேள்விகள். இது உணவா, மருந்தா, அழகு சாதனமா, தாவரப் பொருளா, ஒன்றை மட்டும் குறிக்கவும் என்று ஒரு கேள்வி. நான்கும்தான் என்று எழுத இடம் இல்லை. பதினான்காவது கேள்வி என்னை நிறுத்திவிட்டது. 'இந்தப் பொருள் ஏதேனும் நோயைக் குணப்படுத்தும் என்று நீங்கள் கருதுகிறீர்களா? ஆம் / இல்லை. ஆம் எனில் ஆதாரம் இணைக்கவும்.'

என்னிடம் ஆதாரம் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் அரசி பத்து மாதக் குழந்தை. உடம்பெல்லாம் கரப்பான் வந்து கிடந்தாள். இந்த எண்ணெயில்தான் அவளுக்குச் சரியானது. அதை நாள்வாரியாக எழுதி வைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த பதினேழு நோட்டுகளில் அது ஆறாவது.

எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், பொட்டலம் வந்துவிடும், பேத்திக்குத் தடவலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேத்தியைத் தொட எனக்கு அனுமதி இல்லாமல் போய் அப்போதே இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

பேத்தி இனியாவுக்கு ஏழு வயது. முழங்கை மடிப்பு இரண்டு, முழங்கால் பின்மடிப்பு இரண்டு, கழுத்தில் ஒன்று என ஐந்து இடங்களில் எக்ஸிமா, ஊரில் கரப்பான் என்போமே, அதுதான். இங்கே குளிர்காலத்தில் வெளியே பனி கிடக்கும். வீட்டுக்குள் சூடான காற்று ஓடிக்கொண்டே இருக்கும். சுவரில் இருக்கும் சின்னக் கருவி காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும். சனவரி மாதத்தில் அது நூற்றுக்குப் பதினெட்டு காட்டியது. வசந்தா அப்பளம் இட்டு உள்ளறையிலேயே காயப்போடுகிறாள், ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது. அப்பளம் ஒரு நாளில் காயும் காற்றில் குழந்தையின் தோல் என்ன ஆகும்?

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரை மணி நேரம் அவள் என்னிடம் இருப்பாள். அந்த ஐந்து இடத்திலும் நான் தேங்காய் எண்ணெய் தடவுவேன். அந்த அரை மணி நேரத்தில்தான் அவள் தமிழ் பேசுவாள். "தாத்தா, நான் ரொம்ப அரிக்கிறேன்" என்பாள். "நீ இன்னா கறையானாடி அரிக்கறதுக்கு? அரிக்குதுன்னு சொல்லு" என்று வசந்தா சிரிப்பாள். அப்படியே வகுப்பில் யார் யாரோடு சண்டை, யாருக்குப் பல் விழுந்தது எல்லாம் வரும். மீதி நேரம் கையில் கணினிப் பலகை, வாயில் ஆங்கிலம். நாங்கள் அவளுக்கு மேசை நாற்காலி மாதிரி.

மாப்பிள்ளை வடக்கே எண்ணெய் வயலில் வேலை. மாதத்தில் பதினான்கு நாள்தான் வீடு. அரசி நகரப் பேருந்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், வீடு திரும்ப ஆறரை ஆகும். ஆக, சாயங்காலம் குழந்தை எங்கள் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில்தான் நான் தப்புப் பண்ணினேன். தேங்காய் எண்ணெய் தடவியும் அரிப்பு குறையவில்லை. இந்தியக் கடையில் வேப்பிலைத் தூள் கிடைத்தது. அதில் கஸ்தூரி மஞ்சளைக் கலந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, ஐந்து இடத்திலும் பற்றுப் போட்டு, இருபது நிமிஷம் காயவிட்டுக் கழுவினேன். மூன்று நாள் அப்படிச் செய்தேன். இதோடு பத்தியம் வேறு. கத்தரிக்காய், சோளம், முட்டை, வேர்க்கடலை எல்லாவற்றையும் நிறுத்தினேன். நாலாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து அரசிக்குப் போன் வந்தது. குழந்தையின் கையும் கழுத்தும் மஞ்சளாக இருக்கிறது, மடிப்புகளில் வெடித்து நீர் கசிகிறது என்றார்கள்.

அன்று சாயங்காலம் மருத்துவமனைக்குப் போய் வந்த பிறகு அரசி போட்டிருந்த குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, இனிமே அவ தோல்ல நீங்க எதையும் தடவக் கூடாது. எதையும்னா எதையும்."

"உனக்கு இதே நோவுதாம்மா. உனக்கு நாந்தான் சரி பண்ணேன்."

"தெரியும்ப்பா. வெட்பாலை, வெள்ளிமலை, ஒம்பது நாளு. எனக்கு அது மனப்பாடம். இவள வுட்டுருங்க."

மருத்துவமனையில் கொடுத்த தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். நான் அதைப் படிக்கவில்லை. கோபம்தான், வேறு காரணம் இல்லை. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளே களிம்பு தடவினாள். இனியா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே மாடிக்குப் போனாள். பதினான்கு படி. கதவு சாத்தும் சத்தம் கேட்கும்.

தம்பிக்குப் போன் போட்டு எண்ணெய் அனுப்பச் சொன்னது அதன் பிறகுதான். நிரூபித்துக் காட்டிவிட்டால் அந்த அரை மணி நேரம் திரும்பக் கிடைத்துவிடும் என்று ஒரு நப்பாசை.

3

ஊரில் நான் சர்க்கரை ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா. கரும்பு வண்டி உள்ளே வரும்போது ஒரு எடை, கரும்பை இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கரும்பு. முப்பத்தொரு வருஷம் இதைத்தான் செய்தேன். பேரேட்டில் கடைசிப் பத்தி 'குறிப்பு'. அதில் குறை மட்டும்தான் எழுதுவோம். தோகை அதிகம், வேரில் மண், காய்ந்த கட்டு, இப்படி. நல்ல கரும்பு வந்தால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். பணம் பட்டுவாடா ஆன பிறகு அந்தப் பத்தியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அரசிக்குக் கரப்பான் வந்தபோது நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. நோய் என்றால் சுத்தம் வேண்டும் என்று நினைத்தோம். காலையும் மாலையும் வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர், சிவப்பு சோப்பு, பிறகு பயத்த மாவு போட்டு அழுத்தித் தேய்ப்பு, துண்டால் சொட்டு ஈரம் இல்லாமல் துடைப்பு, சாம்பிராணிப் புகை. எல்லாம் முடிந்து உடம்பு நன்றாகக் காய்ந்த பிறகு டாக்டர் கொடுத்த களிம்பு. களிம்பு போட்டால் அடங்கும், நிறுத்தினால் வரும். குழந்தை தூங்க மாட்டாள். கன்னத்தைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்து உறையில் ரத்தப் பொட்டு இருக்கும்.

டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் சொன்னார்: "கல்வராயன் மலையில வெட்பாலை எலை நல்லா கெடைக்கும் சார். வெள்ளிமலைக்கு அந்தாண்ட கோவிந்தன்னு ஒருத்தரு. நா சொன்னேன்னு சொல்லுங்க, பறிச்சுக் குடுப்பாரு." அரவை ஆரம்பிக்காத மாதம். இரண்டு நாள் லீவு போட்டேன். கையில் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய், போன பருவத்தில் பாதி எழுதிய பேரேடு ஒன்று, இரண்டு நாளைக்கான களிம்பு. வசந்தா மடியில் குழந்தை. பஸ் ஏறினோம்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். சாலை மறியல் வரப்போகிறது என்று தெரியும். எங்கள் தெருவிலிருந்தும் ஆட்கள் போவதாகப் பேச்சு. அதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தது என் கணக்கு. மறுநாள் காலை வெள்ளிமலையில் கண்டக்டர் பஸ்ஸுக்குள் படுத்திருந்தார்.

"கீழ எறங்க முடியாது சார். காச்சிராபாளையத்துலேருந்து ரோடு பூரா மரத்த வெட்டிச் சாச்சிட்டானுங்க."

"தோராயமா எத்தினி மரம் இருக்கும்?"

"எண்ணிக்கினு வந்து சொல்லட்டுங்களா?"

கோவிந்தன் வீட்டிலேயே தங்கினோம். மலையாளி என்ற அந்த மலையின் பழங்குடிச் சாதிக்காரர்கள். அவருக்கும் அவர் மனைவி ராமாயிக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். அவர்களுக்கும் ஒரு கைக்குழந்தை. கோவிந்தன் இலை பறித்து வந்தார். கத்தி படக்கூடாது என்று கையாலேயே கிள்ளிப் போட்டோம். பாட்டிலைக் கூரைமேல் வெயிலில் வைத்தேன். எட்டு நாள் வெயில் வேண்டும் என்றார் கோவிந்தன். களிம்போ மறுநாளே தீர்ந்துவிடும். கீழே லீவு தாண்டுகிறது, மேலே மருந்து தீருகிறது.

எண்ணுவதற்கு வண்டியும் இல்லை. அதனால் குழந்தை சொறிவதை எண்ண ஆரம்பித்தேன். காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை, ஒரு சொறிக்கு ஒரு கோடு. கொண்டுபோன பேரேட்டில், அதுதான் இந்த ஆறாம் நோட்டு, அதற்கென்று பத்தி பிரித்தேன். நாள், காலை, மதியம், மாலை, மொத்தம், குறிப்பு.

"இன்னாங்க, கொழந்தைய எத்தினி வாட்டி சொறியுதுன்னு எண்ணிக்கினு கீறீங்களே, ஒரு வாட்டியாவது கையப் புடிச்சி நிறுத்துனீங்களா?" என்று வசந்தா கேட்டது நினைவிருக்கிறது.

ஒன்பதாம் நாள் பஸ் ஓடியது. இறங்கும்போது குழந்தையின் கன்னம் காய்ந்து, புதுத் தோல் தெரிந்தது. அரசியைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் சொன்னேன். ஏறும்போது நூற்று நாற்பத்து மூன்று, இறங்கும்போது இருபத்திரண்டு. எல்லாம் வெட்பாலை எண்ணெய்.

4

இப்போது அந்தப் படிவத்துக்காக ஆறாம் நோட்டை எடுத்தேன். மொத்தம் என்ற பத்தியை மட்டும் நகல் எடுத்து இணைத்தால் போதும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். 143, 151, 120, 96, 71, 64, 38, 29, 22. பார்ப்பதற்கே அழகாக இருந்தது. எண்ணெய் எந்தத் தேதியில் தடவ ஆரம்பித்தோம் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதற்காக முதல் முறையாகக் குறிப்புப் பத்தியைப் படித்தேன்.

ஐந்தாம் நாளுக்கு எதிரே: 'மேகம். எண்ணெய் நிறம் மாறவில்லை.' ஏழாம் நாள்: 'எண்ணெய் லேசாக ஊதா.' ஒன்பதாம் நாள்: 'எண்ணெய் தயார். மாலை முதல் முறை தடவினோம். பஸ் வந்தது.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். என் கையெழுத்துதான்.

சுமை எடை, காலி எடை, கழித்தால் கரும்பு. நடுவில் வண்டி எங்கே நின்றது, யார் எதை இறக்கினார்கள் என்பதெல்லாம் எடைமேடைக்காரன் பார்க்கும் வேலை இல்லை. அதே பழக்கத்தில் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் பார்த்து, முப்பத்தெட்டு வருஷம் நான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். குழந்தையின் அரிப்பு இறங்கிக்கொண்டிருந்த எட்டு நாளும் எண்ணெய் கூரைமேல் இருந்தது.

அப்படியென்றால் எதனால் இறங்கியது? எனக்கு வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக எனக்கு இது என்ன என்று தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது. மீதிக் குறிப்புகளையும் படித்தேன். என் வழக்கப்படி எல்லாம் புகார்.

இரண்டாம் நாள்: 'சோப்பு கொண்டுவரவில்லை. கடையிலும் இல்லை. களிம்பு தீர்ந்தது.' மூன்றாம் நாள்: 'துடைக்காமல் ஈர உடம்பிலேயே விளக்கெண்ணெய் தடவுகிறார்கள். சொன்னால் கேட்பதில்லை.' நான்காம் நாள்: 'வெந்நீர் கேட்டேன். வெயிலில் வைத்த தண்ணீர்தான் கொடுத்தார்கள். இன்றும் துடைக்கவில்லை.' ஆறாம் நாள்: 'மாவு தேய்க்க விடவில்லை. இன்றும் துடைக்கவில்லை.'

ராமாயியின் குரல் திரும்ப வந்தது. வாசலில் காலை நீட்டி, காலின்மேல் குழந்தையைக் கிடத்தி, இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றுவாள். அவ்வளவுதான் குளியல். நான் துண்டோடு நிற்பேன். "அண்ணே, துண்ட எடுத்துக்கினு அந்தாண்ட போங்க. ஈரம் ஓடறதுக்குள்ள எண்ணெய வச்சிரணும். தொடச்சிப்புட்டு அப்பறம் தடவுனா, காஞ்ச கட்டைக்குப் பூசுன மாதிரிதான்." நான் போய்க் குறிப்புப் பத்தியில் எழுதினேன். இன்றும் துடைக்கவில்லை.

எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த தாளைப் படித்தேன். ஏழு வரி. மூன்றாவது வரி: வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து நிமிஷம் போதும், சோப்பு வேண்டாம். நான்காவது வரி: தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே மூன்று நிமிஷத்துக்குள் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவவும். அந்தத் தாள் இருபத்தாறு நாளாக அங்கேயே இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு முறையாவது நான் அந்தக் கதவைத் திறந்திருப்பேன்.

5

அரசியிடம் உடனே சொல்ல வாய் வரவில்லை. ஒரு முறை நிரூபித்துவிட்டேன் என்று சொன்ன ஆள் நான். இரண்டாம் முறை சொல்வதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும். யார்மேல்? எனக்கும் இந்த ஊர்க் குளிரில் முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில் மாதிரி வெடித்து அரிக்கிறது. என்னிடம் இரண்டு கால் இருக்கிறது.

இடது காலுக்குப் பழைய முறை. சோப்பு, சூடான தண்ணீர், அழுத்தித் துடைத்து, அரை மணி கழித்துத் தேங்காய் எண்ணெய். வலது காலுக்கு ராமாயி முறை. சோப்பு இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர், துடைக்காமல் ஈரத்தோடு அதே தேங்காய் எண்ணெய். இரண்டுக்கும் ஒரே பாட்டில், ஒரே கரண்டி அளவு. ஒரு காலுக்கு மட்டும் சோப்புப் போட்டு இன்னொன்றை நனையாமல் தூக்கிப் பிடித்துக் குளிப்பது எழுபத்து மூன்று வயதில் சுலபம் இல்லை. குளியலறைச் சுவரில் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். புது நோட்டு, பதினெட்டாவது, வாங்கினேன்.

நாலாம் நாள் வசந்தா குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"இன்னாங்க, உள்ள எத்தினி நேரமா நொண்டியடிச்சிக்கினு கீறீங்க? தொபுக்கு தொபுக்குனு சத்தம் வருது."

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். எண்ணெய் ஒன்பதாம் நாள்தான் தடவினோம், எட்டு நாளில் இறங்கியது ராமாயி செய்ததால்தான் என்று. அவள் ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். அவள் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அது எனக்குத் தெரியுமே."

"எப்போலேருந்து?"

"அப்போலேருந்துதான். மலைய வுட்டு எறங்கனதும் சோப்ப நிறுத்துனது யாரு? பயத்த மாவ எடுத்து ஒளிச்சி வச்சது யாரு? ரெண்டு வருசம் ஈரத்தோட எண்ணெய் தடவுனது யாரு? நீங்க எடைமேடையில குந்திக்கினு இருந்தீங்க."

"அப்போ வெட்பாலை?"

"அதுவும் எண்ணெய்தான, தடவுனேன். கெடுதி ஒண்ணும் இல்ல. கலரு அழகா இருந்திச்சி."

"முப்பத்தெட்டு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க பஸ்ஸுல, கல்யாணத்துல, சாவு வூட்டுலகூட அந்த எண்ணெய்ப் பெருமைய சொல்லிக்கினு இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

"அப்போ இனியாவுக்கு நான் பற்றுப் போட்டப்போ?"

இப்போது தலையைத் தூக்கினாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாயத் தொறந்தேன். உங்க பொண்ணுக்கும் உங்களுக்கும் சண்டை வந்திச்சின்னா நா எந்தப் பக்கம் நிக்கிறது? அது என் தப்புதான்." உளுந்தில் இருந்த ஒரு கல்லை எடுத்துத் தனியாக வைத்தாள்.

6

ஏழு நாள் முடிந்தது. இடது கால் சொறிந்தது முதல் நாள் முப்பத்தொன்று, ஏழாம் நாள் இருபத்தெட்டு. வலது கால் முப்பத்து மூன்றிலிருந்து ஆறு. ஞாயிற்றுக்கிழமை அரசி தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து, வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினேன்.

"இன்னாப்பா இது, ஒரு காலு பளபளன்னு இருக்குது, ஒரு காலு இப்படி இருக்குது?"

பதினெட்டாம் நோட்டைக் கொடுத்தேன். பிறகு ஆறாம் நோட்டையும் கொடுத்து, குறிப்புப் பத்தியை விரல் வைத்துக் காட்டினேன். அவள் படித்தாள். இன்றும் துடைக்கவில்லை என்ற இடத்தில் அவள் உதடு லேசாக அசைந்தது. ஒன்பதாம் நாளுக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"அப்போ எண்ணெய் இல்லியா?"

"இல்லம்மா."

"எத்தினி பேருகிட்ட இந்தக் கதைய சொல்லியிருப்பீங்க?"

"எண்ணல."

"நீங்களா எண்ணல?"

வசந்தா அடுப்படியிலிருந்து சத்தமாகச் சிரித்தாள். அரசியும் சிரித்தாள், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். நான் சொல்ல வேண்டியதை அப்போதே சொன்னேன். "அந்தப் பற்று என் தப்பு. காஞ்ச தோலு மேல இன்னும் காயவச்சிட்டேன். அவளுக்கு வலிச்சிருக்கும்."

அரசி நோட்டை மூடி மேசையில் நேராக வைத்தாள்.

"நா ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன். "நீ ராத்திரி அவள குளிப்பாட்டி முடிச்சி, எத்தினி நிமிஷம் கழிச்சிக் களிம்பு தடவற?"

"எங்கப்பா நேரம் பாக்கறது? குளிச்சிட்டு வருவா. அதுக்குள்ள சோறு ஆறும், போன் வரும். அரை மணி ஆவும், முக்கா மணி ஆவும்."

"தாள்ல மூணு நிமிஷம்னு போட்டிருக்குது."

"படிச்சிட்டீங்களா!"

"படிச்சிட்டேன்."

அவள் என் வலது காலை இன்னொரு முறை பார்த்தாள். "சரி. நாளையிலேருந்து சாயங்காலம் அம்மா குளிப்பாட்டட்டும். சோப்பு வாணாம். டாக்டர் குடுத்த களிம்பு செவப்பா இருக்கற எடத்துல மட்டும், நாந்தான் போடுவேன். தோலு காயாம இருக்க அவங்க குடுத்த வெள்ளைப் பசையும் தேங்கா எண்ணெயும் நீங்க. வேற எதுவும் வாணாம். மஞ்ச, வேப்பல, பத்தியம் ஒண்ணும் வாணாம்."

"ஒண்ணும் வாணாம்."

"கத்தரிக்கா அவ சாப்புடலாம்."

"சாப்புடட்டும். நோட்டுல எழுதிக்கலாமா?"

"எழுதிக்குங்க," என்றாள். "குறிப்ப தெனமும் படிங்க."

மறுநாள் திங்கட்கிழமை. நாலரை மணிக்குக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வெளியே ஒரு நாற்காலி போட்டு, பசை டப்பாவையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் மடியில் வைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் என்று உள்ளே குரல் கொடுத்தேன். "தெரியும், சும்மா இருங்க" என்று உள்ளேயிருந்து வந்தது. கதவு திறந்தது. பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட இனியா வந்து முழங்கையை நீட்டினாள். தடவக் கூடாது என்று அரசி சொன்னதிலிருந்து முப்பத்தொன்பதாம் நாள். இரண்டாவது முழங்கைக்கு வரும்போது, "தாத்தா, எங்க வகுப்புல ஒரு ஆமை வந்திருக்கு. அதுக்குத் தோல் ரொம்ப காய்ஞ்சிருக்கு" என்றாள். அதற்கு எண்ணெய் தடவலாமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படித் தடவ ஆரம்பித்து இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். கசிவு நின்றுவிட்டது. கழுத்து ஆறிவிட்டது. முழங்கால் பின்னால் இன்னும் சிவப்பு இருக்கிறது. காற்று இன்னும் காய்ந்தால் திரும்ப வரலாம் என்று தாளின் ஏழாவது வரி சொல்கிறது. ஊரில் இருக்கும் நீங்கள் என்னைப் பார்த்து எந்த இலை, எந்த எண்ணெய் என்று கேட்டால், இனி என்னால் பழைய மாதிரி ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எந்த எண்ணெய் என்பதைவிட எப்போது தடவினீர்கள் என்று நான்தான் திருப்பிக் கேட்பேன். ராமாயி இப்போது எங்கே இருக்கிறாள் என்று தம்பியை வெள்ளிமலைக்குப் போய் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். கோவிந்தன் வீட்டு ராமாயி என்பதைத் தவிர அவளைப் பற்றி வேறு எந்த விவரத்தையும் நான் எழுதி வைக்கவில்லை. அவளைப் பற்றி எழுதியது எல்லாம் புகார்.

படிவத்துக்குப் பதில் அனுப்பக் கடிதத் தேதியிலிருந்து முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். நாளையோடு முடிகிறது. சாயங்காலம் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொருள்: தலைக்கும் உடம்புக்கும் தடவும் எண்ணெய். அளவு: கால் லிட்டர், இரண்டு. நிறம்: ஊதா. பதினான்காவது கேள்விக்கு வந்தேன். இந்தப் பொருள் ஏதேனும் நோயைக் குணப்படுத்தும் என்று நீங்கள் கருதுகிறீர்களா?

'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். ஆதாரம் இணைக்க வேண்டிய அவசியம் இல்லை.

"தாத்தா!" மாடியிலிருந்து சத்தம். "நான் ஈரமா இருக்கேன்! எங்க இருக்கீங்க?"

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினான்கு படி. மூன்று நிமிஷத்தில் நாற்பது விநாடி ஏற்கெனவே போய்விட்டிருந்தது.